நான் அடித்த இரட்டை மணி

மகனே,

நீ இருபதடி தள்ளி ஷெட்டில்தான் இருக்கிறாய். கூப்பிட்டால் வந்துவிடுவாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நேரில் பேச ஆரம்பித்தால் உன் கை தானாகப் போனை எடுத்துவிடுகிறது. "அப்பா, அத இன்னொருக்க சொல்லுங்க, வெளிச்சம் செரியில்ல" என்பாய். இரண்டாவது தடவை சொல்லும்போது நான் சொல்ல வந்தது நடிப்பாகிவிடும். இந்த விஷயத்தை நல்ல வெளிச்சத்துக்காகத் திரும்பச் சொல்ல என்னால் ஆகாது. இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ரகசியக் கடிதம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில், சபையார் எல்லாருக்கும் முன்னால் நின்று இதை அப்படியே வாசிக்கப் போகிறேன். போதகரிடம் பத்து நிமிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மகனின் கம்பெனிக்காக ஸ்தோத்திரம் சொல்லப்போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு மூன்று நாள் முந்தித் தெரியவேண்டும் என்பதால் இன்றைக்கு, வியாழக்கிழமையே, உன் எடை பார்க்கும் மெஷின் மேல் இதை வைக்கிறேன். எதைத் தாண்டினாலும் அதைத் தாண்டி நீ போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

திங்கள்கிழமை நெய்யாற்றின்கரையில் உன் கம்பெனி திறப்பு. அம்பூரியில் உன் மாமன் தோட்டத்து ஏத்தன் வாழைக்காயை உலர்த்திப் பொடித்து, வறுத்த சிறுபயறு சேர்த்து நீ செய்திருக்கும் மாவு நல்ல மாவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முன்னறை முழுக்க அடுக்கி வைத்திருக்கிற பெட்டிகளில், ஒவ்வொரு பாக்கெட்டிலும் நான் இருக்கிறேன். இடது பக்கம் காக்கிச் சட்டை பொத்தான் தெறிக்கும் தொப்பையோடு ஒரு நான். வலது பக்கம் வயிறு ஒட்டி, நீ வாங்கித் தந்த டிராக் பேண்டில் இன்னொரு நான். நடுவில் ஓர் அம்புக்குறி. கீழே, 'மாத்திரை இல்லாமல் சர்க்கரையை ஜெயித்த அப்பா' என்று எழுத்து. சாப்பிட உட்கார்ந்தால் இத்தனை நான்களும் என்னையே பார்க்கிறார்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மாத்திரையை நிறுத்தியது மொத்தம் இரண்டே நாள். மூன்றாம் நாளிலிருந்து இன்று காலை வரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். உனக்கு உடம்பைக் கட்டச் சொல்லிக் கொடுத்தது யார் என்று உன்னிடம் கேட்கிறவர்களுக்கு நீ யார் யார் பெயரையோ சொல்கிறாய். என்னைக் கேட்டால், அது நம் ஷெட்டில் இருந்த ரப்பர் ஷீட் மெஷின். அம்மாவுக்குப் பங்காகக் கிடைத்த மரங்களின் பாலை உறைய வைத்து அந்த உருளைகளுக்கு நடுவில் விட்டு ஷீட் அடிப்போம். கைப்பிடியைச் சுற்றுவது உன் வேலை. எட்டாம் வகுப்பில் உன் வலது தோள் இடது தோளைவிடப் பெருத்துவிட்டது. யாரும் சொல்லாமலே நீ மறுபக்கம் போய் நின்று இடது கையால் சுற்ற ஆரம்பித்தாய். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்ட் ஊற்றி, கம்பி சொருகி, நீ தூக்கித் தூக்கி வைத்தபோதும் சிரித்தேன். காலேஜ் முடித்து, உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதாமல், சட்டையைக் கழற்றிவிட்டு வீடியோ போட ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு ஒரு வருஷம் நான் உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

அந்த வருஷத்தில்தான், நான் கண்டக்டராக ஓடிய பஸ்ஸில், அது நடந்தது. பாறசாலையில் ஏறிய இரண்டு காலேஜ் பையன்கள் போனில் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க நிற்கிறாய் நீ. ஒருவன் திரையைப் பார்த்தான், டிக்கெட் கொடுத்துக்கொண்டு நிற்கும் என் மூக்கைப் பார்த்தான். "சேட்டன்டெ மோனல்லே இது?" என்று, உங்கள் மகன்தானே இவன் என்று மலையாளத்தில் கேட்டான். நான் "அல்ல" என்றேன். அவ்வளவுதான். வாயிலிருந்து ஒரு சொல், அடுத்த ஸ்டாப் வந்துவிட்டது. அந்தப் பையன் உன்னிடம் அதைச் சொல்லிவிட்டான் என்று எனக்குப் பிறகு தெரியவந்தது. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை என் காக்கிச் சட்டையை நீயே இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்திருந்தாய். நீ என்னைத் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அன்று முழுக்க நான் வண்டியில் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

ஆகவே, நான் ஓய்வு பெற்ற பிறகு, சாப்பாட்டாலும் நடையாலும் என் சர்க்கரையைக் குறைத்துக் காட்ட நீ வந்து, "அப்பா, ஒரு நூறு நாள் எனக்குத் தாங்க" என்று கேட்டபோது, கேட்டது எதுவானாலும் தருவது என்று முடிவு செய்துவிட்டேன். முதல் நாள் கேமராவை வைத்துவிட்டு, "எனக்க மேல நம்பிக்கை உண்டா அப்பா?" என்று கேட்டாய். உண்டு என்று சொல்ல வாய் எழும்பவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கப்படாத வாய். சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து, ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குழியில் வீசினேன். நீ சொல்லி நான் செய்யவில்லை. அதை இங்கே எல்லாரும் கேட்கவேண்டும். நீ அழுதுவிட்டாய். அந்த அழுகையோடு அந்த வீடியோ போன இடமெல்லாம் உனக்குத் தெரியும். நம் பஞ்சாயத்தில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. கடைசியில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வேகமாக ஒரு வரி சொல்லியிருந்தாய். வீசுகிற கையைப் பார்த்தவர்களுக்கு அந்த வரி காதில் விழவில்லை.

மூன்றாம் நாள் நாக்கு வறண்டு, கண் இருட்டி, கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் வாரத்திலேயே உன்னை இரண்டாவது தடவை கைவிட்டது போலாகும் என்று நினைத்தேன். பாறசாலையில் எந்த மருந்துக் கடையில் நுழைந்தாலும் கவுண்டரில் இருப்பவன் என் பஸ்ஸில் ஏறி இறங்கியவனாக இருப்பான். எனவே இஞ்சிவிளை வழியாக கேரள எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கு நடந்தேன். அங்கே டாக்டரைப் பார்த்தேன், அங்கேயே மாத்திரை வாங்கினேன். அப்பா காலையில் எவ்வளவு தூரம் நடக்கிறார் பாருங்கள் என்று நீ கையில் கட்டிவிட்ட வாட்ச்சைக் காட்டிப் பெருமைப்பட்டாயே, அதில் மாதத்துக்கு இரண்டு நடை மாத்திரை வாங்கப் போன நடை. வாட்ச்சுக்கு அடியைத்தான் எண்ணத் தெரியும்.

வாங்கியதை எங்கே வைப்பது? நீ என் பெட்டி, அலமாரி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் வீடியோவில் திறந்து காட்டுகிறவன். கடைசியில், ஆலயத்துக்குக் கொண்டுபோகும் வேதப்புத்தகத்தின் ஜிப் உறைதான் மிச்சமிருந்தது. அதன் உள்மடிப்பில், காணிக்கைக் கவருக்குப் பின்னால் வைத்தேன். சிரிக்காதே. வேறு எந்த ஊரில் சர்க்கரை மாத்திரை இவ்வளவு மரியாதையாக இருந்திருக்கும்? உன் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கவர் வைக்கப் போய் அதைக் கண்டுபிடித்தாள். ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "எங்கிட்ட ஒளிச்சது போட்டும். அவன்கிட்ட ஒளிக்கப்பிடாது" என்றாள். நூறு நாள் முடியட்டும் சொல்கிறேன் என்றேன். நூறு நாள் முடிந்தது. அப்போது அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது.

பண்டிகை ஆராதனையில் சுகம் பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வது நம் வழக்கம். போதகர் என்னைப் பார்த்தார், நீ மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் போனை உயர்த்திப் பிடித்தாய். நான் முன்னால் போய் நின்று, பத்து வருஷம் விழுங்கிய மாத்திரையை விட்டுவிட்டேன், கர்த்தர் என் மகன் வழியாக எனக்குச் சுகம் தந்தார் என்று சொன்னேன். சொல்லும்போது வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்திருந்தேன். உறைக்குள் அட்டை நொறுநொறு என்று சத்தம் போட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. சபையார் கை தட்டினார்கள். உன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் உனக்குக் கொடுத்ததே இல்லை. அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இதுதான் என் தப்பு முழுவதும்.

அன்றைக்கு ஆலயத்தில் உன் முன்னால் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் தங்கராஜ் மாமா. நானும் அவனும் ஒரே வண்டியில் இருபத்திரண்டு வருஷம் ஓடினோம். பஸ்ஸில் என் வேலை என்ன என்று சின்ன வயசில் நீ கேட்பாய், டிக்கெட் கிழிப்பது என்பேன். அது பாதி வேலை. மீதி பாதி, மணிக்கயிறு. ஒற்றை மணி அடித்தால் வண்டி நிற்கவேண்டும், இரட்டை மணி அடித்தால் போகவேண்டும். கூட்டத்தில் பின்படியில் யார் கால் இருக்கிறது, யார் கை இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. கண்டக்டரின் மணியை நம்பித்தான் அவன் வண்டியை எடுக்கிறான். சில டிரைவர்கள் மணி கேட்டும் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பார்கள். தங்கராஜ் பார்க்கமாட்டான். நான் அடித்தால் எடுப்பான்.

உனக்கு ஆறு வயசிருக்கும்போது, நெய்யாற்றின்கரையில் ஒரு காலை நான் அவசரப்பட்டு இரட்டை மணி அடித்துவிட்டேன். பூவாரிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மா, பாத்திரத்தை உள்ளே தள்ளிவிட்டு ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். வண்டி நகர்ந்தது. ரோட்டில் விழுந்து முழங்கை உடைந்தது. மேலதிகாரி விசாரித்தபோது நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் தங்கராஜ் பேசிவிட்டான். "பெல்லு கேக்கதுக்கு முன்னயே நானாக்கும் வண்டிய எடுத்தது சாரே" என்றான். என்மேல் அப்போது வேறொரு குற்றச்சாட்டும் இருந்தது, இரண்டாவது சேர்ந்தால் வேலை போயிருக்கும். அது அவனுக்குத் தெரியும். பதினைந்து நாள் சஸ்பெண்ட் ஆகி அவன் வீட்டில் உட்கார்ந்தான். அவன் பழியை ஏற்றபோது நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றி என்றுகூட நான் அவனிடம் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது, பிறகு அது பழகிவிட்டது.

போன மாதம் தங்கராஜ் மாமாவுக்குக் காலில் புண் புழுத்து, வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று நீயும் கேள்விப்பட்டாய். வேலிக் கம்பி குத்தியது என்று எல்லாரும் சொன்னார்கள், நீயும் ஒரு டப்பா மாவு கொடுத்தனுப்பினாய். நான் பார்க்கப் போனேன். அவன் மனைவி தேயிலைத் தண்ணி போட உள்ளே போனதும், சர்க்கரை மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டாயா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

"எலே, நீ சாட்சி சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு" என்றான். "உனக்க பெல்லு கேட்டா நான் எப்பமாவது திரும்பிப் பாத்தது உண்டா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, இதை வெளியே சொல்லிவிடாதே, உன் மகன் கம்பெனி திறக்கப்போகிற நேரம், கம்பி குத்தியது என்றே டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன் என்றான். மறுபடியும் எனக்கு முன்னால் அவன் பேசிவிட்டான், மகனே. இரண்டாவது தடவை. நான் அன்றும் தேயிலையைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் முன்னறையில் அந்தப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. நீ ஒன்றைப் பிரித்து என் கையில் தந்து, "நம்ம அப்பன் மொகத்துக்கே விக்கும்" என்றாய். அது உண்மை என்பதால்தான் எனக்குப் பயம் வந்தது. தங்கராஜ் ஒருவன். இந்தப் பெட்டிகள் போகிற ஊர்களில் எத்தனை தங்கராஜ் இருப்பான் என்று யோசித்தேன். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் இரட்டை மணி அடித்துக்கொண்டே இருப்பேன், படியில் யார் கால் இருக்கிறது என்று பார்க்காமல்.

உன்னிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒரு அப்பாவாகத்தான் கேட்கிறேன், கோபமாக இல்லை. வாரா வாரம் கேமராவுக்கு முன்னால் என் விரலில் குத்திப் பார்த்தாயே, கேமராவை அணைத்துவிட்டு ஒரு தடவையாவது, "அப்பா, நெசம்மாவே நிறுத்தியாச்சா?" என்று ஏன் கேட்கவில்லை? நீ கூர்மையானவன். ஒரு ஆள் நிற்கிற நிலையைப் பார்த்தே எந்த முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிடுவாய். கேட்டால் நான் சொல்லிவிடுவேனோ என்று நீயும் பயந்தாயோ? பஸ்ஸில் நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி நீ கேட்காமல் விட்டாய், மாத்திரையைப் பற்றியும் கேட்காமல் விட்டாய். கேட்காமல் விடுவதை நாம் இருவரும் அன்பு என்று நினைத்துக்கொண்டோம். இனி என்னிடம் கேள். உன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களிடமும் கேள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்கிறவனிடம் முதலில் கேள்.

இன்னொன்று. உன் உழைப்பு பொய் இல்லை. நீ எனக்குக் குறைத்த மரச்சீனிக் கிழங்கு, குறைத்த சோறு, நடக்க வைத்த நடை, எல்லாம் வேலை செய்தது. எண்பதாம் நாளில் களியக்காவிளை டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சாயங்கால மாத்திரை இனி வேண்டாம், காலை மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். இரண்டு மாத்திரை ஒன்றாச்சு. பத்து வருஷத்தில் எந்த மருந்தும் செய்யாததை நீ செய்தாய். அதை அன்றைக்குச் சாட்சியில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! தங்கராஜும் ஒரு மாத்திரையோடு பத்து விரலோடு நடந்துகொண்டிருப்பான். எனக்கு அது போதவில்லை. உனக்கு முழுதாக ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. பாதி வெற்றியானாலும் அது உண்மையாக இருந்தால் உனக்குப் போதும் என்று உன்னை நம்பாமல் போனேன். முதல் நாள் நீ கேட்டாயே, நம்பிக்கை உண்டா என்று, அதற்கு உண்மையான பதில் அதுதான். அன்று எனக்கு உன்மேல் பாசம் இருந்தது, நம்பிக்கை இல்லை. இன்று இருக்கிறது. இருப்பதால்தான் இதை எழுதி உன் கையில் தருகிறேன்.

பாக்கெட்டை என்ன செய்வது, திங்கள்கிழமை திறப்பதா, தள்ளி வைப்பதா என்பதெல்லாம் உன் தீர்மானம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன்னைக் கேலி செய்வார்கள். நீ மூன்று வருஷம் கட்டியதை உன் அப்பாவே பத்து நிமிடத்தில் உடைத்தான் என்பார்கள். நீயும் அப்படி நினைக்கலாம். என்னோடு பேசாமல் இருக்கலாம். ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தவன் நான், எனக்கு அதைக் கேட்க உரிமை இல்லை. அந்த நினைப்பில் மூன்று வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது மட்டும் உண்மை. உன் கணக்கில் அது டயட் என்று சேர்ந்திருக்கும்.

நேற்று தங்கராஜ் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தான். பிறகு, "நீ போ" என்றான். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவன் அப்படிச் சொன்னதில்லை. எழுந்து வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போது ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

"சபையில சொல்லதுக்கு முன்ன மோன்கிட்ட சொல்லு" என்றான். "அவன் ஆளுவ முன்ன வச்சு அறியப்பிடாது. ஞாயிற்றுக்கிழம நானும் வாறேன். காலு நீட்டி வைக்கணும், எனக்கு ஓரத்து எடம் வேணும்."

மூன்றாவது பெஞ்சில் ஓரத்து இடம் உன்னுடையது. அங்கே இருந்துதான் நீ எப்போதும் படம் எடுப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ வருவாயோ, மாட்டாயோ, எனக்குத் தெரியாது. வந்தால் அந்த இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நீ உட்கார். நான் வாசித்து முடித்ததும் ஜெபத்துக்கு எல்லாரும் எழும்புவார்கள், அவனால் தனியாக எழும்ப முடியாது. உன் தோளைக் கொடு.

அப்பா